வரவுப் பதிவேட்டில் பிள்ளையின் குறைபாட்டை எழுதச் சொல்லாதீர்கள்

திருகோணமலை மாவட்டத்தில் சுகாதாரம், கல்வி, சமூக சேவை ஆகிய துறைகளில் தீர்மானம் எடுக்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

ஓட்டிசம், ஏடிஎச்டி (கவனக் குறைவும் மிதமிஞ்சிய துடியாட்டமும்), கற்றல் இடர்ப்பாடு, பேச்சுத் தாமதம் என்று கிளினிக் கொப்பியில் பல விதமாக எழுதப்பட்ட பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர், ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் சிறு குழுக்களை இந்த மாவட்டத்தில் நடத்துகிறவர்கள் நாங்கள். அரச கட்டடமொன்றில் தொடர்ந்து கூட வேண்டுமானால் மூன்று நிபந்தனைகள் என்று எங்களுக்கு வாய்மொழியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. வருகிற ஒவ்வொருவரும் அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம், பிள்ளையின் பெயர், பிள்ளைக்கு என்ன குறைபாடு என்பவற்றை வரவுப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். கூட்டம் முடியும்வரை ஓர் உத்தியோகத்தர் உள்ளே அமர்ந்திருப்பார். முன்னேற்ற அறிக்கைக்குப் படம் எடுக்கப்படும். இவற்றோடு ஒரு யோசனையும் வந்தது: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்துப் பேர் கூடுவதை விட்டுவிட்டு, உலக ஓட்டிச விழிப்புணர்வு தினமான ஏப்ரல் 2ஆம் திகதியை ஒட்டிப் பெரிய மண்டபத்தில் ஒரு விழிப்புணர்வுக் கருத்தரங்கு வைத்தால் நிறையப் பேர் பயன் பெறுவார்களாம்.

மூன்று நிபந்தனைகளையும் நாங்கள் ஏற்கவில்லை. அந்த யோசனையையும் ஏற்கவில்லை. காரணங்களைக் கீழே எழுதுகிறோம்.

பதிவேடு என்பது கைமாறிப் போகும் தாள். பத்தாவதாகக் கையெழுத்து வைப்பவர் மேலேயுள்ள ஒன்பது வரிகளையும் வாசித்துவிட்டுத்தான் வைப்பார். புதிதாக வரும் தாய் பெரும்பாலும் வீட்டில் முழு விஷயத்தையும் சொல்லாமல் வருகிறவர். மாமியாருக்குத் தெரியாது. வளைகுடாவில் வேலை செய்யும் கணவருக்குப் பாதிதான் தெரியும். மூத்த மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்தத் தாள் எந்த அலுமாரிக்குப் போகும், யார் யார் எடுத்துப் பார்க்கலாம் என்று அவர் கேட்கமாட்டார். அடுத்த தடவை வராமல் நின்றுவிடுவார். நின்றவர் ஏன் நின்றார் என்பது உங்கள் அறிக்கை எதிலும் பதியப்படாது.

உத்தியோகத்தர் அமர்ந்திருப்பது இதைவிடச் சிக்கல். அவர் நல்லவரா இல்லையா என்பது இங்கே கேள்வியே அல்ல. மூதூரிலும் ஈச்சிலம்பற்றிலும் குச்சவெளியிலும் அவர் அனேகமாக அந்தப் பக்கத்து ஆளாகவே இருப்பார். உதவிப் பட்டியலுக்கும் வீட்டுத் திட்டத்துக்கும் சான்றிதழுக்கும் நாளைக்கு அவரிடமே போக வேண்டிய ஒரு பெண், அவர் முன்னால் இருந்துகொண்டு "பிள்ளையை நேற்று அடித்துப்போட்டன்" என்று வாய் திறக்கமாட்டார். அதைச் சொல்ல முடியாத இடத்தில் கூடி என்ன பயன்?

அப்படியானால் பிள்ளையை அடிப்பதை மறைத்துவைக்கும் இடமா இது என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஒவ்வொரு கூட்டமும் தொடங்கும்போது ஒரே விதியை வாய்விட்டுச் சொல்கிறோம்: இங்கே பேசியது இங்கேயே நிற்கும், பிள்ளைக்குப் பாரதூரமான ஆபத்து, பாலியல் துன்புறுத்தல், அல்லது தன் உயிரை மாய்க்கும் பேச்சு வந்தால் மட்டும் நிற்காது. அப்படி வந்தால் வழிநடத்துநர் இருவரும் சேர்ந்து, அந்தப் பெற்றோருக்குச் சொல்லிவிட்டு, அன்றைக்கே நடவடிக்கை எடுப்பார்கள். அழைக்க வேண்டிய தொலைபேசி இலக்கங்கள்: பிள்ளைக்கு 1929, மன நெருக்கடிக்கு 1926, உயிராபத்துக்கு அம்புலன்ஸ் 1990. வன்முறை கணவரிடமிருந்து வருகிறதென்றால் 1938. இந்த நான்கு இலக்கங்களும் எங்கள் மேசையில் எழுதி ஒட்டியிருக்கின்றன. பிள்ளைப் பாதுகாப்பு உத்தியோகத்தர் கேட்டால் இந்த நடைமுறையை எழுத்தில் தருவோம், குறை இருந்தால் திருத்திக்கொள்வோம். நாங்கள் மறுப்பது உள்ளே ஆள் அமர்வதைத்தான்.

படம் எடுப்பதைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. அறிக்கைக்கென்று எடுக்கப்படும் படம் அன்று மாலையே திணைக்களத்தின் முகநூல் பக்கத்தில் வருகிறது. முதுகுப் பக்கம் எடுத்தாலும் சீலையைப் பார்த்து ஆளைச் சொல்லும் ஊர் இது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலையும் சிறுவர் பற்றிய தகவலையும் விசேட வகைத் தரவாகவே வைத்திருக்கிறது. அச்சட்டத்தின் எல்லாப் பகுதிகளும் ஒரேயடியாக நடைமுறைக்கு வரவில்லை என்று நீங்கள் பதில் சொல்லலாம். பத்துப் பேரின் அடையாள அட்டை இலக்கத்தையும் அவர்களுடைய பிள்ளைகளின் மருத்துவ நிலையையும் ஒரே தாளில் எழுதி வாங்குவதற்கு அது நியாயமாகாது.

கணக்குக் காட்ட உங்களுக்கு ஏதாவது வேண்டும் என்பது எங்களுக்கு விளங்குகிறது. கணக்காய்வுக்கு வேண்டியது எண்ணிக்கை. திகதி, இடம், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், தாய்மார் எத்தனை, தந்தையர் எத்தனை, அம்மம்மா, பெரியம்மா போன்ற மற்றப் பராமரிப்பாளர் எத்தனை, பிள்ளைகளின் வயதுப் பிரிவு, எந்தப் பிரதேச செயலகப் பிரிவிலிருந்து வந்தார்கள், எடுத்துக்கொண்ட விஷயம் என்ன என்பவற்றை ஒரே பக்கத்தில் வழிநடத்துநர் இருவர் கையொப்பத்தோடு ஒவ்வொரு மாதமும் தருவோம். மண்டபத் திறப்பு வாங்கியவர் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் உங்களிடம் இருக்கட்டும். யன்னல் உடைந்தால் அவரைப் பிடியுங்கள்.

இனி, "பொம்பிளையள் கூடிக் கதைக்கிறது" என்று ஒரு கந்தோரில் தள்ளிவிடப்பட்ட அந்தக் காரியம் உண்மையில் எப்படி நடக்கிறது என்பதையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

ஒரு குழுவில் ஆறு பேருக்குக் குறையக் கூடாது, பத்துப் பேரைத் தாண்டக் கூடாது. நாலைந்து பேரென்றால் இருவர் வராத நாளில் பேச்சு எழும்பாது. பன்னிரண்டானால் மூன்று பேர் கதைப்பார்கள், மிச்சப் பேர் கேட்டுவிட்டுப் போவார்கள். வழிநடத்துநர் எப்போதும் இருவர்: ஒருவர் பேச்சைப் பார்க்க, மற்றவர் முகங்களைப் பார்க்க. அழுதுகொண்டு வெளியே போகிறவருக்குப் பின்னால் போக ஓர் ஆள் கட்டாயம் வேண்டும். மொத்தம் 90 நிமிடம். முதல் 10 நிமிடம் வந்து இருந்து தேநீர். அடுத்த 35 நிமிடத்தில் சுற்றி வர ஆளுக்கு மூன்று நிமிடம், கடந்த இரண்டு வாரம் எப்படிப் போனது என்று. விரும்பாதவர் "பிறகு" என்று சொல்லிவிடலாம். பிறகு 35 நிமிடம் முன்கூட்டித் தெரிந்தெடுத்த ஒரே ஒரு விஷயம்: நித்திரை, மலசலகூடப் பழக்கம், தலைமயிர் வெட்டுதல், வெள்ளைச் சோற்றைத் தவிர எதையும் தொடாத பிள்ளை, அதிபரோடு எப்படிக் கதைப்பது. கடைசி 10 நிமிடத்தில் அடுத்த கூட்டத்துக்கு முன் யார் யாருக்கு ஃபோன் எடுப்பது என்று முடிவு செய்கிறோம். இந்தக் கடைசிப் பத்து நிமிடத்தைச் சாப்பிட்டுவிடும் குழு மூன்று மாதத்தில் கலைந்துவிடும். கூட்டம் வெறும் கயிறு. அதில் கட்டியிருப்பது இடையில் எடுக்கும் அந்தத் தொலைபேசி அழைப்புகள்.

நேரம் காலை 9.00 முதல் 10.30 வரை. கிழமை நாளென்றால் மற்றப் பிள்ளைகளைப் பாடசாலையில் விட்ட பிறகு, எந்த நாளானாலும் உலை வைப்பதற்கு முன். வெள்ளிக்கிழமை வைத்தால் ஜும்மாவுக்காகக் கிண்ணியாவிலும் மூதூரிலும் பாதிப் பேர் அவசரமாக எழுந்து போவார்கள், அதனால் வைப்பதில்லை. நோன்பு மாதத்தில் தேநீர் இல்லை, ஒரு மணித்தியாலத்தில் முடித்துவிடுகிறோம். தம்பலகாமத்தில் நெல் வெட்டுக் காலத்தில் கூட்டம் வைப்பது வீண் வேலை. தந்தையருக்குத் தனிக் கூட்டம், ஞாயிறு பின்னேரம். கடற்றொழிலாளி காலையில் ஒன்றில் கடலில் இருப்பார், அல்லது நித்திரையில் இருப்பார். தாய்மாரோடு சேர்த்து வைத்தால் தந்தையர் வாய் திறப்பதில்லை, தாய்மாரும் அவர்கள் முன்னால் அளந்துதான் பேசுகிறார்கள். தமிழ்க் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் ஒரே வட்டத்தில் இருப்பதில் ஒரு சிக்கலும் இல்லை. சிங்களம் பேசும் பெற்றோருக்குக் கந்தளாயிலும் சேருவிலவிலும் தனிக் குழுவே வேண்டும். மொழிபெயர்த்துக்கொண்டு அழ யாராலும் முடியாது.

இடத்தைப் பற்றி உங்களுக்கு ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. குளிரூட்டிய மண்டபம், மேடை, ஒலிபெருக்கி எதுவும் எங்களுக்கு வேண்டாம். ஒலிபெருக்கி இருந்தால் பாதிப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். எங்களுக்கு மிகப் பொருந்துவது முன்பள்ளிக் கட்டடம். மதில் இருக்கிறது, படலை இருக்கிறது, சிறிய மலசலகூடம் இருக்கிறது, சனிக்கிழமைக் காலையில் அது சும்மா பூட்டிக் கிடக்கிறது. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கட்டடங்களும் பல இடங்களில் பொருந்தும். தேவை இரண்டு அறைகள்: ஒன்று பெற்றோருக்கு, மற்றது பிள்ளைகளுக்கு, நடுவில் கதவு. ஒரே அறையென்றால் தாய் முழு நேரமும் பிள்ளைக்குப் பின்னால் அலைந்துவிட்டுத்தான் வீடு திரும்புவார்.

பிள்ளைகளின் அறையில் மூன்று பிள்ளைக்கு ஒரு பராமரிப்பாளர், குறைந்தது இருவர். வெளிக் கதவுக்குப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள். கரகரக்கும் மின்விசிறியையும் மினுங்கும் குழல் விளக்கையும் முதலிலேயே நிறுத்திவிட வேண்டும். பெட்டியில் இரண்டு பாய், மரக்கட்டைகள், மாக்குழைவு, சவர்க்காரக் குமிழி, மாற்று உடுப்பு, சத்தத்தைக் குறைக்கும் இரண்டு காதுக் கவசம். காதுக் கவசத்துக்குக் கொழும்பில் விசேட கடையைத் தேட வேண்டியதில்லை. அரிசி ஆலையிலும் தச்சுப் பட்டறையிலும் போடும் அதே வகை ஹார்ட்வெயார் கடையில் இருக்கிறது. நவராத்திரியில் மேளச் சத்தத்தோடு கும்ப ஊர்வலம் தெருவில் வரும்போதும் சித்திரை வருடப் பிறப்புப் பட்டாசுக்கும் இது எத்தனை வீடுகளைக் காப்பாற்றியிருக்கிறது என்பது வைத்திருக்கிற தாய்மாருக்குத் தெரியும். இப்படியான விஷயம் எந்த மருத்துவக் கடிதத்திலும் எழுதி வருவதில்லை. ஒரு தாய் இன்னொரு தாய்க்குச் சொல்லித்தான் பரவுகிறது.

இதில் ஒன்று உயிரோடு சம்பந்தப்பட்டது. ஓட்டிசமுள்ள பிள்ளைகளில் கணிசமானோர் சொல்லாமல் வீட்டை விட்டு வெளியேறிவிடுவார்கள். பலருக்குத் தண்ணீர் மீது தீராத ஈர்ப்பு. அப்படி வெளியேறி இறக்கும் பிள்ளைகளின் மரணத்துக்கு முதற்காரணம் நீரில் மூழ்குவதே என்று அமெரிக்காவில் தொகுக்கப்பட்ட பதிவுகள் காட்டுகின்றன. எங்கள் மாவட்டத்தை ஒருதரம் நினைத்துப் பாருங்கள்: வெளியே கடல், உள்ளே களப்பு, குளம், வாய்க்கால், வளவுக்கு வளவு கிணறு. ஆகவே புதிதாக வரும் எந்தக் குடும்பத்துக்கும் முதல் வாரத்திலேயே சொல்வது இதைத்தான். தாழ்ப்பாளைக் கதவின் மேற்பகுதிக்கு மாற்றுங்கள். படலையில் திறந்தால் சத்தம் வரும் ஒரு மணியைக் கட்டுங்கள். கிணற்றுக்கு இரும்பு வலை போட்டுப் பூட்டுங்கள். தகரத்தால் சும்மா மூடி வைப்பது இன்னும் ஆபத்து, பிள்ளை அதன் மேல் ஏறும். சட்டைக் கழுத்தின் உட்பக்கம் அழியாத மையால் ஃபோன் இலக்கத்தை எழுதுங்கள், பெயரை எழுத வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிடும் அந்நியரோடு பிள்ளை போய்விடக்கூடும். சுற்றிவர உள்ள ஐந்து வீட்டாருக்கும் முச்சக்கர வண்டித் தரிப்பிடத்துக்கும் பிள்ளையின் படத்தைக் கொடுங்கள். காணவில்லை என்றால் வீட்டுக்குள் கட்டிலுக்குக் கீழே தேடிக்கொண்டு நிற்காமல், பிள்ளைக்குப் பிடித்த தண்ணீர் எங்கே இருக்கிறதோ அங்கே முதலில் ஓடுங்கள். இன்னொருவர் அதே நேரத்தில் பொலிஸுக்கு, 119க்கு எடுக்கட்டும்.

இந்தப் பட்டியலைக் கருத்தரங்கில் திரையில் காட்டலாமே என்பீர்கள். காட்டலாம். எந்தத் தாழ்ப்பாள் என்ன விலை, எந்தக் கொல்லர் கிணற்று வலையைக் கடனுக்குச் செய்வார், வாடகை வீட்டுக்காரரிடம் என்ன சொல்லி அனுமதி வாங்குவது என்பதெல்லாம் அடுத்த தெருவில் அதைச் செய்து முடித்தவரிடம்தான் கேட்க முடியும்.

குழுவுக்கு வர முடியாதவர்களுக்கும் வர மனமில்லாதவர்களுக்கும் ஒருவருக்கு ஒருவர் என்ற முறை இருக்கிறது. நெப்ராஸ்காவின் ஒமாஹா நகரில் 1971இல் பெற்றோர் சிலர் தொடங்கி, பிறகு அமெரிக்கா முழுவதும் பரவிய முறை அது. அனுபவப்பட்ட மூத்த பெற்றோர் ஒருவரைப் புதிய பெற்றோருக்கு இணைத்துவிடுவது, அவ்வளவுதான். ஆனால் இணைப்பதில்தான் கை வேலை இருக்கிறது. முதலில் பிள்ளையின் இப்போதைய சிக்கலைப் பார்க்க வேண்டும், மருத்துவர் எழுதிய பெயரைப் பிறகு பார்க்கலாம். பேச்சே வராத ஏழு வயதுப் பிள்ளையின் தாயை, நன்றாகப் பேசிக் கணக்கில் மட்டும் தடுமாறும் பிள்ளையின் தாயோடு சேர்த்தால் இரண்டாவது அழைப்போடு தொடர்பு அறுந்துவிடும். மூத்த பெற்றோரின் பிள்ளை இரண்டு மூன்று வயதாவது கூடியவராக இருப்பது நல்லது. மொழி ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே ஒழுங்கையில் இருக்கக் கூடாது. பெயர் கிடைத்து ஒரு நாளுக்குள் முதல் அழைப்புப் போக வேண்டும். ஒரு வாரம் கழித்து எடுத்தால் அந்தத் தாய் ஏற்கெனவே யாரோ ஒருவருடைய மருந்துக்கு முற்பணம் கட்டியிருப்பார். பிறகு எட்டு வாரத்துக்குள் குறைந்தது நாலு அழைப்பு. மூத்த பெற்றோர் ஒருவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு குடும்பத்துக்கு மேல் கொடுப்பதில்லை, அவருடைய வீட்டில் நெருக்கடி என்றால் ஒன்றும் கொடுப்பதில்லை.

மூத்த பெற்றோர் செய்யக் கூடாதவை அதைவிட முக்கியம். நோய் பெயர் சொல்லக் கூடாது. மருந்தின் அளவைக் கூட்டு, குறை, நிறுத்து என்று சொல்லக் கூடாது. "என்ர பிள்ளைக்குச் சரிவந்தது, உங்கட பிள்ளைக்கும் வரும்" என்று உறுதி கொடுக்கக் கூடாது. சிகிச்சை நிலையம் எதற்கும் ஆள் சேர்த்து விடக் கூடாது. இரவு பத்து மணிக்குப் பிறகு வாட்ஸ்அப் குழுவில் எழுதக் கூடாது. நித்திரையில்லாத பத்துத் தாய்மார் இரவு ஒரு மணிக்குச் சேர்ந்து பயப்படுவதால் ஒருவருக்கும் நன்மை இல்லை.

யாரோ ஒருவருடைய மருந்து என்று எழுதினோம். ஓட்டிசத்தைக் குணமாக்கும் மருந்து என்று உலகத்தில் எதுவும் இல்லை. இல்லாததை விற்கிறவர்கள் ஏராளம். துணி வெளுக்கும் வகையைச் சேர்ந்த குளோரின் டயொக்சைட்டைச் சொட்டு மருந்து என்று பருக்கச் சொல்லும் காணொளிகள், உடம்பிலிருந்து உலோகத்தைக் கழுவி எடுப்பதாகச் சொல்லும் ஊசி, கோதுமையையும் பாலையும் நிறுத்தினால் பேச்சு வரும் என்ற உறுதிமொழி எல்லாமே ஃபோனுக்கு வந்து சேருகின்றன. முதல் இரண்டும் பிள்ளையைக் கொல்லக் கூடியவை. மூன்றாவது, ஏற்கெனவே மூன்று வகை உணவு மட்டும் சாப்பிடும் பிள்ளையை மெலிய வைக்கும். தடுப்பூசியால் வந்தது என்ற கதையும் இன்னும் சுற்றுகிறது. அதைக் கிளப்பிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை வெளியிட்ட மருத்துவ சஞ்சிகையே 2010இல் அதை மீளப் பெற்றுக்கொண்டது. மருத்துவ மாது சொன்னால் கேட்காத தாய், அதே மருந்தை வாங்கிக் காசை இழந்த இன்னொரு தாய் சொன்னால் கேட்கிறார். கோயிலுக்கு நேர்த்தி வைப்பதையும் பள்ளியில் ஓதிப் பார்ப்பதையும் நாங்கள் தடுப்பதில்லை. கிளினிக் திகதியை மட்டும் அதற்காகத் தவறவிட வேண்டாம் என்கிறோம்.

கருத்தரங்குக்கு வருவோம். ஏப்ரல் 2 உலக ஓட்டிச விழிப்புணர்வு தினம். அன்று நீல விளக்குப் போடுவதிலோ ஊர்வலம் போவதிலோ எங்களுக்குப் பகை இல்லை. பிள்ளைக்கு ஓட்டிசம் என்று தெரியாத ஊருக்கு அது பயன்படலாம். தெரிந்துபோன வீட்டுக்கு அது பயன்படாது. கொழும்பிலிருந்து வரும் நிபுணர் நாற்பது நிமிடம் பேசிய பிறகு, கேள்வி நேரத்தில் இருநூறு பேர் முன்னால் எழுந்து நின்று "என்ர பிள்ளை இரவில் தன்ர தலையைச் சுவரில் அடிக்கிறான்" என்று கேட்கும் தாயை நாங்கள் கண்டதில்லை.

இன்னொரு குழப்பமும் அதிகாரிகளிடம் இருக்கிறது. பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்துவிட்டால் துணை கொடுத்ததாகிவிடும் என்று நினைக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2 முதல் 9 வயதுவரையான பிள்ளைகளின் பராமரிப்பாளருக்கென்று ஒரு திறன் பயிற்சியை உருவாக்கியிருக்கிறது: 9 குழு அமர்வுகள், 3 வீட்டுத் தரிசிப்புகள். வைத்திய நிபுணர் அல்லாதவர்களும் பயின்று நடத்தும்படி அமைக்கப்பட்டது. அது இந்த மாவட்டத்துக்குத் தமிழிலும் சிங்களத்திலும் வர வேண்டும் என்பதில் எங்களுக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் அது பாடம், தொடங்கி முடியும். பிள்ளை பத்து வயதாகும்போதும் பதினைந்து வயதாகும்போதும், முதல் மாதவிடாய் வரும்போதும், பாடசாலை விட்டு நிற்கும்போதும் தாய்க்கு ஆள் வேண்டும்.

எங்களைக் காட்டிச் சிகிச்சையாளர் வெற்றிடத்தை மறைக்கவும் வேண்டாம். பேச்சு மொழிச் சிகிச்சையாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர் செய்ய வேண்டியதைப் பெற்றோர் குழு செய்யாது, செய்யவும் கூடாது. பேச்சு மொழிச் சிகிச்சையை வீட்டுமொழியில்தான் கொடுக்க வேண்டும். தமிழில் கொடுக்கக் கூடியவர்கள் மிகக் குறைவு. ஏறத்தாழ 260 கிலோமீற்றர் தள்ளிக் கொழும்புக்கு, சத்தத்தைத் தாங்காத பிள்ளையை இரவு ரயிலில் ஏற்றிக்கொண்டு போய் முப்பது நிமிடச் சிகிச்சையோடு திரும்பும் குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. புல்மோட்டையிலிருந்தும் வெருகலிலிருந்தும் திருகோணமலை நகருக்கு வருவதே அரை நாள் வேலை. 2009இல் வெளியான இலங்கை ஆய்வொன்று, அரைநகரப் பிரதேசமொன்றில் 18 முதல் 24 மாதப் பிள்ளைகளில் 93 பேருக்கு ஒருவருக்கு ஓட்டிசம் என்று கண்டது. அந்த விகிதத்தை இந்த மாவட்டத்தின் பாடசாலைகளுக்கும் முன்பள்ளிகளுக்கும் நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஆகவே எங்கள் கோரிக்கைகள்.

பெயர், அடையாள அட்டை இலக்கம், பிள்ளையின் மருத்துவ நிலை ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி வாங்கும் நிபந்தனையை எழுத்து மூலம் விலக்குங்கள். மேலே சொன்ன ஒரு பக்க எண்ணிக்கைப் படிவத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே எழுதி வாங்கிய தாள்கள் எங்கே இருக்கின்றன, யார் பார்த்தார்கள் என்பதை அறிவித்து, அவற்றை உரியவர்களிடம் திருப்பிக் கொடுங்கள். முகநூலில் போட்ட படங்களை நீக்குங்கள். கூட்டம் நடக்கும் அறையில் உத்தியோகத்தர் அமரக் கூடாது. பிள்ளைப் பாதுகாப்பு நடைமுறையை எங்களோடு இருந்து எழுதி, ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதியுங்கள்.

மாவட்டத்தின் 11 பிரதேச செயலகப் பிரிவுகளிலும் குறைந்தது ஒரு முன்பள்ளியையோ மாதர் சங்கக் கட்டடத்தையோ மாதம் இரண்டு நாள், வாடகையில்லாமல், ஓராண்டுக்கு முன்கூட்டியே ஒதுக்கித் தாருங்கள். கடைசி நேரத்தில் அரசியல் கூட்டத்துக்கு அதே மண்டபத்தைக் கொடுத்துவிட்டு எங்களை வெளியே நிறுத்தும் வழக்கம் நிற்க வேண்டும். ஒழுங்கு மாறுவதைத் தாங்காத பிள்ளைகள் இவர்கள்.

குடும்ப நல உத்தியோகத்தரும் 18 மாதக் கிளினிக்கும் விசேட கல்வி ஆசிரியரும் சந்தேகம் வந்த அன்றே கொடுக்கக் கூடிய ஒரு சிறு துண்டை அச்சிட்டுத் தாருங்கள். அதில் எங்கள் குழுக்களின் தொலைபேசி இலக்கமும் நேரமும் மட்டும் இருந்தால் போதும், பிள்ளையின் பெயர் வேண்டாம். எடுப்பதா விடுவதா என்பது தாயின் விருப்பம். நிபுணர் உறுதி செய்யும்வரை காத்திருக்க வேண்டாம். சந்தேகத்துக்கும் உறுதிக்கும் இடைப்பட்ட மாதங்களில்தான் ஒரு வீடு அதிகம் தனித்துப் போகிறது.

பஸ் கட்டணம், தேநீர், பராமரிப்பாளர் இருவரின் நாட்கூலி ஆகிய மூன்றுக்கும் சமூக சேவை ஒதுக்கீட்டிலிருந்து ஒரு தொகை வையுங்கள். கருத்தரங்கு ஒன்றின் மண்டபச் செலவு, சாப்பாட்டுப் பொதி, பதாகை, நினைவுச் சின்னம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு, எங்களிடம் காசு இல்லை என்று சொல்லுங்கள், கேட்கிறோம்.

பாடசாலை அனுமதி மறுக்கப்பட்ட முறைப்பாடுகளைக் கேட்க வலயக் கல்வி அலுவலகம் ஒவ்வொன்றிலும் ஓர் உத்தியோகத்தரைப் பெயர் குறித்து நியமியுங்கள். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் ஊனத்தைக் காரணம் காட்டிக் கல்வி நிலையத்தில் அனுமதி மறுக்கக் கூடாது என்கிறது. "எங்களிட்ட வசதியில்லை, வேற பள்ளிக்கூடம் பாருங்கோ" என்று வாசலில் சொல்லப்படும் மறுப்பு எழுத்தில் தரப்படுவதில்லை. மறுக்கும் அதிபர் காரணத்தை எழுதி ஒப்பமிட்டுத் தர வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்புங்கள்.

தமிழ் பேசும் பேச்சு மொழிச் சிகிச்சையாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர் பதவிகளில் இந்த மாவட்டத்தில் எத்தனை ஒப்புதல் பெற்றவை, எத்தனை நிரப்பப்பட்டவை, எத்தனை வெற்றிடம் என்பதை வைத்தியசாலை வாரியாக வெளியிடுங்கள்.

பதிலைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுத்தில் எதிர்பார்க்கிறோம். வாய்மொழிப் பதிலை ஏற்கமாட்டோம். இந்த மடல் கிடைத்து ஒரு மாதத்துக்குள் பதில் இல்லையென்றால், ஒவ்வொரு கோரிக்கையையும் தனித்தனிக் கேள்வியாக்கி 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிப்போம். அதற்கு 14 வேலை நாட்களுக்குள் உங்கள் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். அதுவரை கூட்டங்கள் எங்கள் வீடுகளில் நடக்கும், பதிவேடு இல்லாமல்.

இப்படிக்கு,
பெற்றோர் துணைக்குழுக்களை நடத்தும் பெற்றோர்,
திருகோணமலை மாவட்டம்